கட்டியதைக் காப்பவர் யார்?



சென்ற மாதம் ஒரு விடியற்காலை. முதல் திருப்பலிக்கு இரண்டாம் மணி அடித்து ஓய்ந்த வேளை. எழுபது வயதைக் கடந்த தாய் ஒருவர், கையில் செபமாலையுடன் நமது கோவிலை நோக்கி வந்துகொண்டிருந்தார். வாசலை அடைய இன்னும் நான்கடி தூரமே இருந்தது. அவ்விடத்தில் சாக்கடையின் மேலிருந்த சிமெண்ட் மூடி உடைந்து கிடந்தது. அரையிருட்டில் அவர் கால் அதற்குள் சிக்கிற்று. இடுப்பெலும்பு முறிந்தது. அன்று திருப்பலியில் நற்கருணை வாங்க வந்தவருக்கு, மறுநாள் மருத்துவமனைப் படுக்கையிலேதான் நாம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

இதை நாம் இப்பகுதியில் எழுதுவதற்குக் காரணம் வேறு. அந்த மூடியை உடைத்தது யார் என்பது நமக்குத் தெரியும். கோவில் திருவிழாவுக்கு முன்பு புதிய அலங்கார வாயில் கட்டுவதற்காகக் கருங்கல் ஏற்றி வந்த லாரியின் சக்கரம் ஏறி உடைந்தது அது. லாரியை வரவழைத்தவர்கள் நாமே. உடைந்ததைக் கண்டவர்களும் நாமே. 'தெருச் சாக்கடைதானே, மாநகராட்சி பார்த்துக்கொள்ளும்' என்று பங்குப் பேரவையிலே சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போனவர்களும் நாமே. வாயில் எழும்பியது, மந்திரிக்கப்பட்டது, நன்கொடையாளர் பெயர்கள் கல்லிலே பொறிக்கப்பட்டன. அந்தக் கல்லில் பங்குக் குருவாகிய நமது பெயரும் இருக்கிறது. மூடி மட்டும் மூன்று மாதம் உடைந்தபடியே கிடந்தது.

விழுந்த செய்தி கேட்டதும் நமது பங்கைச் சேர்ந்த கொத்தனார் ஒருவரை அழைத்து, "இதைச் சரிசெய்ய என்ன ஆகும்?" என்று வினவினோம். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "கம்பி, சல்லி, சிமெண்டு, கூலி எல்லாம் சேர்த்து ரெண்டாயிரம் தாண்டாது சாமி. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வளைவுக்கு வாங்கின சிமெண்டுலயே முடிச்சிருப்பேனே" என்றார். அவர் குற்றஞ்சாட்டும் குரலில் சொல்லவில்லை. ஆயினும் அந்தச் சொல் நம்மைச் சுட்டது. கட்டுவதற்கு ஆகும் செலவை நாம் எண்ணுகிறோம். கட்டியதைக் காப்பதற்கு ஆகும் செலவை எண்ணுகிறோமா?

இக்கேள்வியைக் கேட்பதற்குக் காளவாசலைவிடப் பொருத்தமான இடம் இல்லை. காளவாசல் என்னும் சொல்லுக்குச் செங்கலும் சுண்ணாம்பும் சுடும் சூளை என்பது பொருள். பிறர் கட்டுவதற்கான பொருளைச் சுட்டுக் கொடுக்கும் தொழிலையே இவ்வூர் தன் பெயராகச் சுமந்து நிற்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியைப் பசுமையாக்கிய பெரியாறு அணையும் சூளையிலிருந்து வந்த பொருள்களால் எழுந்ததுதான். சிமெண்டின் ஆட்சி வராத அக்காலத்தில், சுண்ணாம்பையும் சுட்ட செங்கலின் பொடியாகிய சுர்க்கியையும் மணலையும் கலந்த காரையே அவ்வணையைப் பிணைத்தது.

அதன் வரலாற்றை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சம், தாது வருடப் பஞ்சம் என்று இன்றும் முதியோர் வாயில் வழங்குகிறது. மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலில் கலந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பும் பழைய எண்ணம் அப்பஞ்சத்திற்குப் பின்னரே வலுப்பெற்றது. 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய் வீதம் 8,000 ஏக்கருக்கு 40,000 ரூபாய் வாடகை. 1887இல் வேலை தொடங்கியது. பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தலைமையில், காட்டு விலங்குகளும் மலேரியாவும் சூழ்ந்த அந்த மலையில், கட்டக் கட்ட வெள்ளம் வந்து அடித்துச் சென்றது. மீண்டும் கட்டினார்கள். 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு நீரைத் திறந்துவிட்டார். அந்த வேலையின்போது நோயால் மாண்டு அங்கேயே புதைக்கப்பட்டோர் 483 பேர் என்பது கணக்கு. பென்னிகுயிக்கின் பெயரை இன்று தேனி மாவட்டத்தில் அறியாத குழந்தை இல்லை. லோயர் கேம்ப்பில் 2013 சனவரி 15ஆம் நாள் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அது அவர் பிறந்த நாள். நன்றியுள்ள உழவர்கள் அன்று பொங்கலிடுகிறார்கள். நன்றி மறவாமை நம் மக்களின் நற்பண்பு.

ஆனால் அந்த அணையின் கதை 1895இல் முடிந்துவிடவில்லை. சுண்ணாம்புக் காரையில் நீர் ஊறி ஊறிச் சுண்ணாம்பைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு வெளியேறும். ஆகவே 1930களில் அணையின் உடலில் துளையிட்டுச் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தினார்கள். 1960களில் மறுபடியும் அவ்வாறே செய்தார்கள். 1979 ஆகஸ்டில் குசராத் மாநிலத்தின் மோர்வி நகருக்கு மேலே மச்சு அணை உடைந்து பெருந்திரளான மக்கள் மாண்டபோது, நாடெங்கும் பழைய அணைகளைப் பற்றிய அச்சம் எழுந்தது. பெரியாற்றின் கீழே வாழும் கேரள மக்களின் அச்சமும் அப்போதுதான் உரத்துக் கேட்டது. 152 அடிவரை தேக்கிய நீர் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பின்னர் அணையின் தலையில் கான்கிரீட் பாரம் ஏற்றினார்கள். எஃகு வடங்களைச் செலுத்திப் பாறையோடு பிணைத்தார்கள். பின்புறத்தில் கான்கிரீட் சுவரை முட்டுக்கொடுத்து எழுப்பினார்கள். இவ்வளவும் ஆன பின்னரே 2006இலும், மீண்டும் 2014 மே மாதத்திலும், 142 அடிவரை நீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு மாநிலத்தாரின் வழக்கில் நாம் நுழைய விரும்பவில்லை. நீருக்கு ஏங்கும் நம் உழவரும், அணையின் கீழே உறங்கும் அம்மக்களும் ஒரே தந்தையின் பிள்ளைகளே. நாம் சொல்ல வருவது இதுதான்: எட்டே ஆண்டில் கட்டிய அணையைக் காக்கும் வேலை நூற்று முப்பது ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. குழம்பு செலுத்தியவர், வடம் பிணைத்தவர், நாள்தோறும் கசிவு நீரை அளந்து ஏட்டில் எழுதுகிறவர் ஆகியோரின் பெயரை நம்மில் யாரேனும் அறிவோமா? அவர்களுக்கு மண்டபமில்லை. அவர்கள் இல்லாவிடில் அணையே இல்லை.

காளவாசல் சந்திப்பின் மேம்பாலத்தை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 54 கோடி ரூபாய்ச் செலவில் எழுந்து, 2020 சூன் மாதத்தில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் அச்சந்திப்பில் சிக்குண்டு தவித்த பள்ளிப் பிள்ளைகளும் நோயாளிகளும் இன்று எளிதாகக் கடந்து போகிறார்கள். நல்லது. ஆனால் பாலம் என்பது கட்டி முடித்ததும் கவலையற்றுப் போகும் பொருளன்று. மேலே விழும் மழைநீர் வடியத் துளைகள் உண்டு. அவற்றிலே மண்ணும் குப்பையும் அடைத்தால் நீர் தேங்கும். தேங்கிய நீர் கான்கிரீட்டுக்குள் இறங்கும். உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். ஒரு கூடைக் குப்பையை உரிய காலத்தில் வாரினால் தீரும் வேலை, வாராவிட்டால் பின்னொரு நாள் கோடிகளில் வந்து நிற்கும். சுவரிடுக்கில் முளைக்கும் அரசங்கன்றும் அப்படியே. இரண்டு இலை விடும்போது விரலால் பிடுங்கலாம். வேரோடிவிட்டால் சுவரையே இடிக்க வேண்டும். நமது கோவில் மணிக்கூண்டை நிமிர்ந்து பார்த்தவர்கள் நாம் சொல்வதை உணர்வார்கள்.

காப்பதிலும் ஒரு போலித்தனம் உண்டு. மச்சு அணையின் வெள்ளத்தில் மூழ்கிய அதே மோர்வி நகரில், மச்சு ஆற்றின் மேல் பழைய தொங்குபாலம் ஒன்று இருந்தது. அதைப் பழுதுபார்ப்பதாக மாதக்கணக்கில் மூடி, புதுத் தளம் போட்டு, மக்கள் காணும்படி அழகுசெய்து, 2022 அக்டோபரில் மீண்டும் திறந்தார்கள். சில நாள்களிலேயே, அக்டோபர் 30ஆம் நாள், அது அறுந்து விழுந்தது. 135 உயிர்கள் போயின. அவர்களிலே குழந்தைகள் பலர். பின்னர் ஆராய்ந்தபோது, பாலத்தைத் தாங்கிய முதன்மை வடமொன்றின் 49 கம்பிகளில் 22 கம்பிகள் முன்னரே துருவால் அரிக்கப்பட்டிருந்தன என்று தெரிந்தது. காலடியில் தெரியும் தளம் புதிது. தாங்கும் வடமோ பழையது. மறைந்திருக்கும் வடத்திற்குச் செலவிட்டால் யாரும் கைதட்டுவதில்லை என்பதனாலன்றோ இப்படி நேர்கிறது?

சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்த செய்தியை நம் ஆண்டவர் எடுத்துப் பேசியதை லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று கேட்டு, அப்படியல்ல என்று அவரே விடையளித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களையோ மனந்திரும்ப அழைத்தார். விபத்து நிகழ்ந்ததும் விழுந்தவரின் கவனக்குறைவைப் பேசுவது நம் வழக்கம். 'பாட்டி பார்த்து வந்திருக்கக்கூடாதா?' என்று நம் பங்கிலேயே சிலர் சொல்லக் கேட்டோம். ஆண்டவரின் கேள்வி, விழுந்தவரை நோக்கியதன்று, நின்றுகொண்டிருக்கும் நம்மை நோக்கியது.

நம் முன்னோர் காக்கும் கடமையை அறியாதவர்கள் அல்லர். கண்மாயைத் தூர்வாரவும் கரையை உயர்த்தவும் வாய்க்காலைச் செப்பனிடவும் ஊரார் கூடி உழைத்த முறைக்குக் குடிமராமத்து என்று பெயர். 1858இல் ஆங்கில அரசு இதற்கெனச் சட்டமே இயற்றியது. 2017இல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மாடக்குளம் கண்மாயின் கரையில் நின்று பார்ப்பவர்க்கு, எத்தனை தலைமுறையின் கூடை மண் அது என்பது விளங்கும். எனினும் உண்மையை மறைக்கலாகாது. அப்பழைய முறையில் நிலமுடையவர் பலனை அடைய, நிலமற்ற எளியோர், அதிலும் தாழ்த்தி ஒடுக்கப்பட்ட மக்கள், சுமையைச் சுமந்ததும் உண்டு. காக்கும் வேலை எப்போதும் கீழே இருப்பவர் தலையிலே இறங்குகிறது.

இன்றும் அது மாறவில்லை. 2022 ஏப்ரல் மாதம், நம் காளவாசலுக்குத் தொலைவில்லாத பழங்காநத்தம் நேரு நகரில், கழிவுநீர்த் தொட்டியிலே மோட்டாரைப் பழுதுபார்க்கச் சென்ற தொழிலாளர் மூவர் நச்சுக்காற்றுத் தாக்கி மாண்டனர். நம் வீட்டுக் கழிவு நம் கண்ணில் படாமல் ஓடவேண்டும் என்பதற்காகப் போன உயிர்கள் அவை. மனிதர் மலக்குழிக்குள் இறங்குவதைத் தடுக்க 2013இலேயே சட்டம் வந்துவிட்டது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறப்போரின் குடும்பத்துக்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவேண்டும் என ஆணையிட்டது. பெரியாற்றின் 483 கல்லறைகளையும் நேரு நகரின் மூவரையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், பொதுப்பணியின் செலவு ரூபாயில் மட்டும் எழுதப்படுவதன்று என்பது புலனாகும். இயந்திரத்துக்கும் முகமூடிக்கும் நாம் செலவிடாத பணம் மிச்சமாகிவிடவில்லை. அதை ஏழையின் வீட்டில் வசூலிக்கிறோம்.

'சாமி, நாங்கள் வரி கட்டாமலா இருக்கிறோம்? கட்டிய பணம் எங்கே போகிறது?' என்று நீங்கள் கேட்பது நமக்குக் கேட்கிறது. 2022 ஏப்ரலில் தமிழகத்தில் சொத்துவரி உயர்த்தப்பட்டபோது, வீட்டின் பரப்பிற்கேற்ப 25 விழுக்காடு முதல் 150 விழுக்காடு வரை கூடிற்று. நடுத்தரக் குடும்பங்கள் அதனால் பட்ட இடரை நாம் அறிவோம். அதன் பின் 2025இல் நம் மதுரை மாநகராட்சியிலேயே, சில கட்டடங்களுக்கு வரியைக் குறைத்து மதிப்பிட்டு முறைகேடு செய்ததாக வழக்குப் பதிவாகிச் சிலர் கைதானதையும் செய்தித்தாளில் வாசித்தோம். ஒழுங்காகக் கட்டியவன் ஏமாளியா என்ற கேள்வி எழுவது இயல்பே.

இக்கேள்விக்கு விவிலியத்தில் ஒரு விடை இருக்கிறது. அரசர்கள் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்தை இந்த மாதம் குடும்பமாகக் கூடி வாசித்துப் பாருங்கள். யோவாசு அரசர், எருசலேம் கோவிலின் பழுதுகளைச் சீர்படுத்தும்படி குருக்களிடம் பணப்பொறுப்பை ஒப்படைத்தார். மக்களும் கொடுத்தார்கள். ஆனால் அவரது ஆட்சியின் இருபத்து மூன்றாம் ஆண்டுவரை ஒரு பழுதும் நீங்கவில்லை. பணத்தை வாங்கியவர்கள் குருக்கள். நாமும் அவ்வரிசையில் நிற்பதால் இந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் தலைகுனிகிறோம். அப்போது தலைமைக் குரு யோயாதா செய்தது என்ன? ஒரு பெட்டியை எடுத்து, அதன் மூடியில் துளையிட்டு, பீடத்தின் அருகே அனைவரும் காணும்படி வைத்தார். பெட்டி நிரம்பியதும் அரசரின் செயலரும் தலைமைக் குருவும் சேர்ந்து எண்ணினார்கள். பணம் நேரே தச்சருக்கும் கொத்தருக்கும் கல்வெட்டுவோருக்கும் சென்றது. மரமும் கல்லும் வாங்கப்பட்டன. அந்தப் பணத்திலிருந்து வெள்ளிக் கிண்ணங்களோ எக்காளங்களோ செய்யப்படவில்லை என்று நூலாசிரியர் தனியாகக் குறிப்பிடுகிறார். பழுதுபார்க்கும் பணம் பழுதுபார்க்கவே. அலங்காரத்திற்கு அன்று.

கவனியுங்கள். பணம் வீணாகிறது என்று கண்டபோது, 'இனிக் கொடுக்க வேண்டாம்' என்று யோயாதா சொல்லவில்லை. கொடுப்பதை நிறுத்தினால் கோவில் இடிந்துதான் விழும். எண்ணுகிற கண்களைக் கூட்டினார்; கணக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். வரி கட்டுவதும், கட்டிய வரிக்குக் கணக்குக் கேட்பதும் ஒரே கடமையின் இரு பாதிகள். 1965இல் இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டின் 30ஆம் பத்தியில், நீதியான வரியை ஏய்ப்பதையும் நலவாழ்வு விதிகளையும் சாலை விதிகளையும் துச்சமாக எண்ணுவதையும் கண்டித்திருக்கிறது. 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் வரி செலுத்துவதை மனச்சான்றின் கடமையாகவே வைக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் பொய்யையும் கோபத்தையும் சொல்லும் நாம், அளவைக் குறைத்துக் காட்டிய வீட்டு வரியையும், சாக்கடையிலே கொட்டிய பழைய சிமெண்டுக் கலவையையும் சொல்வதுண்டா?

மற்றொன்றும் உண்டு. வழிபாட்டு இடம் என்பதற்காக நமது கோவிலுக்குச் சொத்துவரி விலக்கு இருக்கிறது. ஆனால் தெருவிளக்கின் வெளிச்சம் நம் மீதும் விழுகிறது. நமது மழைநீரும் அதே வாய்க்காலில்தான் போகிறது. வரி கட்டாத நமக்கு, நம் வாசல் முன்னுள்ள நான்கடியைக் காக்கும் கடன் மற்றவரைவிட அதிகமாகவே இருக்கிறது. நெகேமியா காலத்தில் எருசலேம் மதிலைச் செப்பனிட்டவர்களில் பலர் தத்தம் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதியைக் கட்டினார்கள் என்று வாசிக்கிறோம். அதைச் செய்ய நமக்கு யாருடைய ஆணையும் வேண்டியதில்லை.

சாக்கடை மூடி இப்போது சரிசெய்யப்பட்டுவிட்டது. கொத்தனார் கூலி வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தோம், ஏனெனில் காக்கும் வேலை இலவச வேலையாக இருக்கக்கூடாது. பங்குப் பேரவை கூடி இரண்டு முடிவுகள் எடுத்துள்ளது. பீடத்தின் அருகே துளையிட்ட மரப்பெட்டி ஒன்று வைக்கப்படும். அதிலே விழுவது பழுதுபார்க்கும் பணிக்கு மட்டுமே. மாதந்தோறும் இரு பொதுநிலையினர் எண்ணிக் கணக்கை வாசலில் ஒட்டுவர். இனிப் புதிதாக எதைக் கட்டத் தீர்மானித்தாலும், அதைப் பத்தாண்டு காப்பதற்கு ஆகும் தொகையையும் அதே கூட்டத்திலேயே எழுதிய பிறகுதான் அடிக்கல் நடப்படும். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்று ஆண்டவர் கூறிய உவமையை நாம் இவ்வளவு காலம் கட்டி முடிப்பதற்கு மட்டுமே பொருத்திப் பார்த்தோம்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அந்தத் தாயைச் சென்ற வாரம் பார்க்கப் போனோம். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்பு, "நானும் அதைத் தினம் பாத்துட்டுத்தான் சாமி தாண்டிப் போனேன். யார்கிட்டயும் சொல்லல" என்றார். அவர் மன்னித்தார். ஆனால் இனி ஊன்றுகோல் இன்றி அவரால் நடக்க இயலாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். மன்னிப்பு அதை மாற்றிவிடவில்லை.

உங்கள் தெருவிலும் ஏதேனும் ஒரு மூடி உடைந்திருக்கும். ஏதேனும் ஒரு குழாய் கசிந்துகொண்டிருக்கும். நாளை காலை அதைத் தாண்டிப் போகாதீர்கள். உரியவர்களுக்கு எழுதுங்கள், எழுதியதற்கு விடை வரும்வரை கேளுங்கள், உங்களால் முடிந்ததை நீங்களே செய்யுங்கள். தச்சராக உழைத்த சூசையப்பர், உடைந்ததைச் செப்பனிடும் கைகளையெல்லாம் காப்பாராக.

இறையாசி உங்கள் இல்லங்களில் நிறைக.